ரப்பர் மீனும் டிராயிங் ரப்பரும்

(மென்பிளாஸ்டிக் தூண்டில் இரைகளைக் கெடாமல் வைப்பது எப்படி?)

மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு



மலர்க்குழு நண்பர்கள் வகுப்புக்கு வந்து, "கவிதை மட்டும் முப்பத்தெட்டு வந்திருக்கு, அதுல இருபத்தஞ்சு காதல் கவிதை. யாராவது உருப்படியா ஒரு பாடம் எழுதுங்கப்பா" என்று கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்த ஒரே பாடம் ஐயாயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டது. அதைத்தான் எழுதுகிறேன். தலைப்பைப் பார்த்து "இவனுக்கு வேற வேலை இல்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் டிராயிங் பாக்ஸுக்குள்ளும் இந்தப் பாடம் இருக்கிறது.

எங்கள் வீடு தூத்துக்குடி கடற்கரைப் பக்கம். அப்பா வள்ளத்தில் தூண்டில் தொழிலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மீன்பிடி சாமான் கடையில் வேலை பார்க்கிறேன். தங்கூசி நரம்பு, முள், ஈயக்குண்டு, தூண்டில் கம்பு எல்லாம் அங்கே கிடைக்கும். சில வருடங்களாக வெளியூரிலிருந்து பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். கழிமுகத்தில் கொடுவா, துறைமுகப் பக்கம் பாறை, உள்நாட்டுக் குளங்களில் விரால் என்று போவார்கள். அவர்களுக்காகக் கடை அண்ணாச்சி 'சாஃப்ட் பிளாஸ்டிக் லூர்' வாங்கி வைப்பார். நாங்கள் ரப்பர் மீன், ரப்பர் புழு என்போம். தொட்டால் உயிருள்ள புழு மாதிரியே நெளியும். தண்ணீரில் இழுத்தால் வால் ஆடும், மீன் ஏமாறும்.

சென்ற வருடம் மே மாத லீவில் அண்ணாச்சி ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்து, "தம்பி, இதையெல்லாம் ஆட்கள் கண்ணுல படுற மாதிரி அடுக்கி வை" என்று சொல்லிவிட்டு வெளியூர் போனார். நான் என் அறிவைக் காட்டினேன். பாக்கெட்டுகளைக் கிழித்தேன். ஸ்வீட் கடையில் கொடுக்கிற மாதிரி கண்ணாடி போன்ற பெட்டிகள் வாங்கி, உள்ளே வெள்ளை, சிவப்பு, பச்சை, கறுப்பு என்று கோலம் போட்டது போல அடுக்கினேன். இடம் பற்றாததால் பாதியை மேலே தகரக் கொட்டகையில் ஏற்றி வைத்தேன். மூன்று வாரம் கழித்து அண்ணாச்சி வந்து ஒரு பெட்டியைத் திறக்கப் பார்த்தார். மூடி வரவில்லை. இழுத்தார். மூடி கையோடு வந்தது, அதோடு பாகு மாதிரி நூல் நூலாக ஏதோ வந்தது. வெள்ளை மீன் எல்லாம் ரோஸ் கலர். புழுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உருண்டை.

"என்னல இது? அல்வா கிண்டி வச்சிருக்க?" என்றார் அண்ணாச்சி.

கொள்முதல் விலையில் நஷ்டம் 5,200 ரூபாய். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கடன் கடன்தான். வாரக்கூலி 350 ரூபாயில் 200 பிடித்துக்கொள்வது என்று பேச்சு. அதாவது 26 ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பணத்தை நான் செமஸ்டர் பீஸுக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போனது. அப்பா ஒன்றும் திட்டவில்லை. "படிக்கிற பையன், உனக்குத் தெரியலையா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஏனென்றால் எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. வெயிலில் உருகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

காலேஜ் திறந்ததும் அந்தப் பெட்டியில் ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து மெட்டீரியல் டெக்னாலஜி எடுக்கும் சாரிடம் காட்டினேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் என் டிராயிங் பாக்ஸை வாங்கித் திறந்தார். உள்ளே என் ரப்பர் செட்ஸ்கொயரோடு ஒட்டிக்கிடந்தது. பிய்த்து எடுத்தார். செட்ஸ்கொயரில் ரப்பர் அளவுக்கு ஒரு பள்ளம். "இதுக்கு வெயில் வேணுமாடா? இது பாக்ஸுக்குள்ளதானே இருந்துச்சு?" என்றார். அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

இனி பாடத்துக்கு வருவோம்.

ரப்பர் மீன் என்று சொன்னாலும் அதில் பெரும்பாலும் ரப்பர் கிடையாது. அது பி.வி.சி. நம் வீட்டுத் தண்ணீர் பைப் எதில் செய்கிறார்களோ அதே பொருள்தான். பைப் கல் மாதிரி இருக்கிறது, புழு ஜெல்லி மாதிரி இருக்கிறதே என்றால், வித்தியாசம் பிளாஸ்டிசைசர் என்கிற எண்ணெய் போன்ற திரவத்தில் இருக்கிறது. பி.வி.சி.யை 1872-லேயே பாமன் என்ற ஜெர்மன் வேதியியலார் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அது விறைப்பாகவும் நொறுங்குவதாகவும் இருந்ததால் ரொம்ப காலம் யாரும் சீந்தவில்லை. 1926-ல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம் ஆக்ரன் நகரில் குட்ரிச் டயர் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன், ரப்பரை இரும்போடு ஒட்ட ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். அதற்காக பி.வி.சி.யை ஒரு கரைப்பானில் போட்டுச் சூடாக்கினார். பசை கிடைக்கவில்லை. வளைகிற பி.வி.சி. கிடைத்தது. இன்று நம் வீட்டு ஒயருக்கு மேல் இருக்கும் உறை, மழைக்கோட்டு, ரெக்சின் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

அதே ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்று ஒரு மெஷினிஸ்ட். நம்ம டிரேடுதான்! மீன் பிடிப்பதில் பைத்தியம். அவரும் அவர் மனைவியும் வீட்டு அடுப்பிலேயே வினைல் காய்ச்சி, நிஜப் புழுவைப் பார்த்து அச்சு எடுத்து ஊற்றினார்கள். 1949-ல் அந்தப் புழு பிறந்தது. இன்று உலகம் முழுக்க விற்கிற மென்பிளாஸ்டிக் இரைகளுக்கு அதுதான் பாட்டன். ஒரு மெஷினிஸ்ட் செய்தது என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

செய்முறை இதுதான். பி.வி.சி. பவுடரைப் பிளாஸ்டிசைசரில் கலக்கினால் பால் மாதிரி ஒரு திரவம் வரும். அதன் பெயர் பிளாஸ்டிசால். அதைச் சுமார் 170 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடாக்கினால் பவுடர் துகள்கள் எண்ணெயைக் குடித்து ஊதி ஒன்றாகிவிடும். கலர் சேர்த்து அச்சில் ஊற்றி ஆறவிட்டால் புழு ரெடி. அதன் எடையில் பாதிக்கு மேல் பிளாஸ்டிசைசர்தான். அதாவது நாம் காசு கொடுத்து வாங்குவது பாதிக்கு மேல் எண்ணெய்.

எண்ணெய் உள்ளே என்ன செய்கிறது? இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பி.வி.சி. மூலக்கூறுகள் இடியாப்ப இழை மாதிரி நீள நீளமானவை. காய்ந்த இடியாப்பம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு கட்டியாக நிற்கும். தேங்காய்ப்பால் ஊற்றினால் இழைகள் நடுவே பால் புகுந்து வழுக்கிவிடும், பிடி விட்டுப் போகும். பிளாஸ்டிசைசர் அந்தத் தேங்காய்ப்பால். இதில் முக்கியமான விஷயம் என்னவென்றால், பால் இழையோடு வேதிப்பிணைப்பில் சேரவில்லை. சும்மா நடுவில் தங்கியிருக்கிறது. வேறு நல்ல இடம் கிடைத்தால் கிளம்பிவிடும். இப்படிக் கிளம்பிப் போவதை மைக்ரேஷன், இடப்பெயர்ச்சி என்கிறார்கள். (வேலை தேடித் திருப்பூர் போகிற நம்ம ஊர்ப் பசங்களைப் போல என்று என் பெஞ்ச் நண்பன் சொன்னான்.)

எங்கே கிளம்பும்? தனக்குப் பிடித்த பிளாஸ்டிக்குக்கு. முதலாண்டு கெமிஸ்ட்ரியில் ஒத்ததை ஒத்தது கரைக்கும் என்று படித்தோம் அல்லவா, அதேதான். ஸ்வீட் பெட்டி பாலிஸ்டைரீன். தெர்மகோலும் அதே பாலிஸ்டைரீன்தான், காற்று ஊதியது, அவ்வளவுதான். பாலிஸ்டைரீன் சாதாரணமாகச் சுமார் 100 டிகிரி வரை கண்ணாடி போல் விறைப்பாக இருக்கும். பிளாஸ்டிசைசர் அதற்குள் நுழைந்தால் இந்த 100 டிகிரி கீழே இறங்கிக்கொண்டே வரும். ரூம் வெப்பத்துக்கும் கீழே இறங்கிவிட்டால் பெட்டி ரூமிலேயே பாகாகிவிடும். எனவே என் பெட்டி 'உருகவில்லை', கரைந்து இளகியது. தகரக் கொட்டகைச் சூடு இந்த வேலையை வேகப்படுத்தியது, அவ்வளவே. கீழே நிழலில் வைத்த பெட்டிகளும் கெட்டன, கொஞ்சம் தாமதமாக.

டிராயிங் ரப்பரும் இதே கதை. நாம் வாங்கும் வெள்ளை ரப்பர் பலதும் பி.வி.சி.யும் பிளாஸ்டிசைசரும்தான். அதைச் சுற்றி ஒரு அட்டை உறை வருகிறதே, அதை நாம் எல்லோரும் முதல் நாளே கழற்றி எறிந்துவிடுகிறோம். அது அழகுக்கு மட்டும் வந்தது இல்லை. ரப்பர் நேரடியாக ஸ்கேலைத் தொடக்கூடாது என்பதற்கும் சேர்த்துத்தான் வருகிறது. மினி டிராஃப்டர் வாங்கினவர்கள் இதை மட்டுமாவது கவனியுங்கள். எலக்ட்ரிகல் பிரிவு நண்பர்களுக்கும் ஒன்று: பி.வி.சி. ஒயரைத் தெர்மகோல் ஷீட்டை ஒட்டியபடி ஓட்டினால் நாளடைவில் தெர்மகோல் கரையும், ஒயர் உறை எண்ணெய் இழந்து விறைத்துப்போகும்.

சார் சொன்னதை நம்பாமல் இல்லை, ஆனாலும் நானே பார்க்க வேண்டும் என்று ஒரு சோதனை செய்தேன். கெட்டுப்போன சரக்கில் மிஞ்சிய ஒரு புழுவை ஆறு துண்டாக நறுக்கி ஆறு பொருள்மேல் வைத்து, மூன்று வாரம் லேப் ஜன்னல் திட்டில் விட்டேன். ஸ்வீட் பெட்டி மூடியில் துண்டு பாதி அமிழ்ந்து பிடித்துக்கொண்டது. உடைந்த அக்ரிலிக் செட்ஸ்கொயரில் மங்கலான தழும்பு, விரல் வைத்தால் பிசுபிசுப்பு. பழைய சி.டி. தகட்டில், அது பாலிகார்பனேட், பட்ட இடம் மங்கிப் பால் நிறமானது. சாப்பாட்டு டப்பா மூடியில் லேசான எண்ணெய்ப் பளபளப்பு, துணியால் துடைத்ததும் போய்விட்டது. பாலித்தீன் கவரும் அப்படியே. கண்ணாடித் துண்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

சாப்பாட்டு டப்பா தப்பித்தது ஏன்? அது பாலிப்ரொப்பிலீன். அதற்கும் பாலித்தீனுக்கும் இந்த எண்ணெயோடு சேர்க்கை இல்லை. மூலக்கூறுகளும் நெருக்கமாக அடுக்கப்பட்டு இருப்பதால் நுழைய இடம் குறைவு. ஆகவே ரப்பர் மீன் வைக்கும் பெட்டி பாலிப்ரொப்பிலீனாகவோ பாலித்தீனாகவோ இருக்க வேண்டும். அமெரிக்காவில் இதைத் தாங்கும் பெட்டிகளை 'வார்ம் ப்ரூஃப்' என்றே எழுதி விற்பார்கள். புழு தாங்கும் பெட்டி என்று அர்த்தம்!

நம்ம ஊர்க் கடையில் பெட்டி வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? அடியில் ஒரு முக்கோணக் குறிக்குள் எண் இருக்கும். 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த முறை இது. 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். 2, 4 இரண்டும் பாலித்தீன். 6 பாலிஸ்டைரீன், அதைப் பார்த்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். 7 என்றால் 'மற்றவை', உள்ளே பாலிகார்பனேட் இருக்கலாம், நம்பாதீர்கள். எண் இல்லாவிட்டால் மூடியின் கீலைப் பாருங்கள். தனி ஆணி இல்லாமல் பெட்டியும் மூடியும் ஒரே மெல்லிய மடிப்பில் சேர்ந்து, நூறு தரம் திறந்து மூடினாலும் உடையாமல் இருந்தால் அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். இன்னும் சந்தேகம் என்றால் ஓரத்தில் ஒரு சில்லு வெட்டித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். பாலிப்ரொப்பிலீன் அடர்த்தி சுமார் 0.9, பாலித்தீனும் ஒன்றுக்குக் கீழே, எனவே மேலே வரும். பாலிஸ்டைரீன் 1.05, அக்ரிலிக், பாலிகார்பனேட் இரண்டும் 1.2 பக்கம், எல்லாம் மூழ்கும். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் ஏமாற்றும், விரலால் தேய்த்துவிட்டுப் பாருங்கள். இரண்டு ரூபாய் செலவில்லாத சோதனை. அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தால் ஸ்வீட் பெட்டிச் சில்லு பக்கெட்டின் அடியில் போய் உட்கார்ந்ததைப் பார்த்திருப்பேன்.

பெட்டி மட்டும் சரியாக இருந்தால் போதாது. நான் செய்த இரண்டாவது தப்பு கலர்களைக் கலந்தது. சாயமும் அந்த எண்ணெயில்தான் கரைந்திருக்கிறது. எண்ணெய் நகரும்போது சாயமும் கூடவே நகரும். சிவப்பும் கறுப்பும் வெள்ளைமேல் ஏறும், வெள்ளை திரும்ப வெள்ளையாகாது. அம்மா புதுச் சிவப்புச் சேலையை வெள்ளை வேட்டியோடு ஊறப்போட மாட்டார்கள். அது தெரிந்த எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

மூன்றாவது தப்பு இன்னும் மோசம். அந்தப் பெட்டியில் இரண்டு ஜாதி இருந்தன. சில இரைகள் பி.வி.சி. கிடையாது. டி.பி.இ. என்கிற, ஸ்டைரீன் கலந்த எண்ணெய் ரப்பர். இசட்-மேன் கம்பெனியின் எலாஸ்டெக் இப்படிப்பட்டது. இழுத்தால் பல மடங்கு நீளும், பல் உள்ள மீன் கடித்தாலும் லேசில் கிழியாது, தண்ணீரில் மிதக்கும். ஆனால் பி.வி.சி. புழுவோடு சேர்த்து வைத்தால் இரண்டும் ஒன்றின் எண்ணெயை ஒன்று வாங்கி, இரண்டுமே கூழாகிவிடும். இவற்றை வந்த பாக்கெட்டிலேயே, தனி டப்பாவில் வைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. எது எந்த ஜாதி என்று தெரியாவிட்டால் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். ஆனாலும் சில பி.வி.சி. இரைகளிலும் காற்று வைத்து மிதக்கச் செய்வதால் பாக்கெட்டில் எழுதியிருப்பதுதான் முடிவு. அந்தப் பாக்கெட்டைத்தானே நான் கிழித்து எறிந்தேன்!

மூன்றாவதாக பெர்க்லி கல்ப் போன்ற ஒரு வகை உண்டு. இது நீரை அடிப்படையாகக் கொண்டது, மணத் திரவத்தில் ஊறியபடி வரும். இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை. காற்றுப் பட்டால் காய்ந்து சுருங்கி, முள்ளிலேயே கல்லாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு கத்தி வைத்துச் சுரண்ட வேண்டும். அதை அதன் திரவத்தோடு வாய் இறுக மூடி நிமிர்த்தி வைக்க வேண்டும்.

ஆக, பாக்கெட்டைக் கிழிக்கவே கூடாது என்பதுதான் முதல் விதி. கடைக்காரனுக்கும் அதுதான், வாங்குகிறவருக்கும் அதுதான். கம்பெனிக்காரன் அந்தக் கவரை யோசித்துத்தான் கொடுக்கிறான். சிலதில் உள்ளே வால் வடிவத்துக்குக் குழி வைத்த அச்சு இருக்கும். அதில்தான் திரும்ப வைக்க வேண்டும். வால் மடங்கியபடி கிடந்தால் அப்படியே பழகிவிடும், தண்ணீரில் போட்டால் மீன் நீந்தாது, பம்பரம் மாதிரிச் சுற்றும், நரம்பும் முறுக்கிக்கொள்ளும். மடங்கிவிட்டால் தூக்கி எறிய வேண்டாம். சூடான தண்ணீரில் அரை நிமிடம் போட்டு, நேராக நீட்டி, உடனே பச்சைத் தண்ணீரில் போட்டால் பழைய வடிவம் வரும். டீ போடுகிற பாத்திரத்தில் இதைச் செய்யாதீர்கள். என் தம்பி அந்த அல்வா உருண்டையை அடுப்பில் வைத்துத் திரும்ப வார்க்கலாம் என்று கிளம்பினான். நல்லவேளை தடுத்துவிட்டேன். பி.வி.சி. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், கண்ணையும் நெஞ்சையும் அரிக்கும். வீட்டுக்குள் விளையாட்டு இல்லை.

முள்ளில் கோர்த்தபடி வைப்பதும் வேண்டாம். கடல் தண்ணீர் உள்ளே தங்கி முள் துருப்பிடிக்கும், துரு புழுவில் கறையாக ஏறும். ஜிக் ஹெட்டில் அடித்த பெயிண்டும் எண்ணெய் பட்டு இளகும். இதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது சார் இல்லை, அப்பா. அவர் கரைக்கு வந்ததும் முள்ளை நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, காய்ந்த பிறகுதான் தகர டப்பாவில் போடுவார். "ஈரத்தோட மூடுனா நாளைக்கு டப்பாவைத் திறக்க மனசு வராது" என்பார். ரப்பர் மீனுக்கும் அப்படியே. சில இரைகளில் உப்பு கலந்திருக்கும், அது ஈரத்தை இழுக்கும், அதனால் இன்னும் கவனம் வேண்டும்.

வெயிலைப் பற்றி நம்ம ஊரில் சொல்ல வேண்டியதில்லை. பைக் பெட்டி, கார் டிக்கி, தகரக் கொட்டகை மூன்றும் ஆகாது. வீட்டில் கீழ்த்தட்டு, இருட்டான அலமாரி நல்லது.

இன்னொரு விஷயம். பிளாஸ்டிசைசர்களில் தாலேட் என்கிற குடும்பம் உண்டு. குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் இவற்றில் சிலவற்றை ஐரோப்பிய நாடுகள் 1999-லேயே தடுத்தன, அமெரிக்கா 2008-ல் சட்டம் போட்டது. தூண்டில் இரைகளில் எதில் எது இருக்கிறது என்று பாக்கெட்டில் போடுவது அபூர்வம். பார்க்க மிட்டாய் மாதிரி இருப்பதால் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். தொட்ட கையோடு சோறு சாப்பிடாதீர்கள். கிழிந்ததைத் தண்ணீரில் வீச வேண்டாம். அது மக்காது, ஊறி உப்பும். மீன் விழுங்கினால் அதன் வயிற்றிலேயே தங்கும்.

என் 26 ஞாயிறுகளும் கார்த்திகை மாதத்தோடு முடிந்தன. கடைசி ஞாயிறு அன்று அண்ணாச்சி 350 ரூபாயை முழுசாக எண்ணிக் கொடுத்துவிட்டு, புதுப் பெட்டி ஒன்றை என் முன்னால் வைத்தார். "இந்த வாட்டியும் நீதான்ல அடுக்கணும்" என்றார். பாக்கெட் எதையும் பிரிக்காமல் மேல் ஓட்டையில் கம்பி கோர்த்துத் தொங்கவிட்டேன். டி.பி.இ. சரக்கு தனிக் கம்பியில், வேறு சுவரில். வாடிக்கையாளர் தொட்டுப் பார்க்க ஒவ்வொன்றிலும் ஒரு சாம்பிள் மட்டும், தனித்தனிக் குழி உள்ள 5-ஆம் நம்பர் டப்பாவில், குழிக்கு ஒன்றாக. மேலே கொட்டகையில் இப்போது ஈயக்குண்டும் கயிறும்தான் இருக்கின்றன. அம்மாவின் கம்மல் இன்னும் அடகுக்கடையில் இருக்கிறது. நான் முழுக்கூலி வாங்க ஆரம்பித்திருப்பதால் சித்திரைக்குள் மீட்டுவிடலாம் என்று கணக்கு.

அந்த ஆறு சோதனைத் துண்டுகளும் லேப் ஜன்னல் திட்டில் அப்படியே உள்ளன. செட்ஸ்கொயரைப் பள்ளமாக்கின என் ரப்பரும் பக்கத்தில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் வரலாம். தொட்டுப் பார்த்தால் கை கழுவிவிட்டு மெஸ்ஸுக்குப் போகவும்.